ஆயிரம் அடி கீழே

எங்கள் குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவச் சபைகளில் மின்விசிறிக்கும் பெயர் உண்டு. இறக்கையில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும்: இன்னார் நினைவாக, இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு. விசிறி ஓடும்போது ஒன்றும் தெரியாது. கரண்ட் போனால்தான் முழுப்பெயரையும் வாசிக்கலாம். டியூப் லைட்டில் பட்டை அடித்து எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். எழுத்துக் கூடக் கூட வெளிச்சம் குறையும்.

கொடுத்தவர்களைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. செத்துப்போன அப்பாவின் பெயர் கோவிலுக்குள் இருக்கட்டும் என்று நினைக்கிற மகனை என்ன சொல்ல முடியும்? ஆனால் அறுப்பின் பண்டிகை ஏலம் இருக்கிறதே, அதைப் பற்றி கொஞ்சம் பேசலாம்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த பொருளெல்லாம் முற்றத்தில் மேஜைக்கு வரும். ஏத்தன் வாழைக்குலை, சக்கை என்று நாங்கள் சொல்லும் பலா, முதல் காய்ப்புத் தேங்காய், கால் கட்டிய நாட்டுக்கோழி, கொஞ்சம் முருங்கைக்காய். மைக் பிடித்திருப்பவர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுக்கும்போது, கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற ஒரு தேங்காய் ஐயாயிரம் வரை ஏறும். அண்ணன் தம்பிக்குள் ரோஷம் வந்தால் இன்னும் ஏறும். எடுத்தவருடைய பெயர், அவர் வேலை பார்க்கும் வளைகுடா நாட்டின் பெயர், கட்டிய தொகை மூன்றும் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும். அடுத்து அந்த முருங்கைக்காய்க் கட்டு வரும். ஒரு கிழவி தன் வீட்டு மரத்தில் பறித்துக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு தரம் சொல்லும் முன்பே ஏலம் முடிந்துவிடும், யார் எடுத்தார் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். சேர்ந்த பணம் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. கூரை மாற்ற, ஒரு ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு உதவ. ஆனாலும் முற்றத்தில் ஐஸ் தின்றுகொண்டு நிற்கிற பிள்ளைகள், இயேசு மெச்சிய ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் படித்ததை அந்த ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும். மைக்கில் யார் பெயர் வருகிறதோ அவர்தான் பெரிய ஆள்.

சபையில் எழுந்து நின்று சொல்லுகிற சாட்சியும் அப்படித்தான். வீடு பால்காய்ச்சியாச்சு, ஸ்தோத்திரம். மகனுக்கு விசா கிடைத்தது, ஸ்தோத்திரம். மகளுக்கு மெடிக்கல் சீட், ஸ்தோத்திரம். நன்றி சொல்வது நல்லதுதான், சொல்லாமல் போவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? கமிஷன் வாங்க மறுத்ததால் தூரத்துக்கு மாற்றலான ஒருவர் இருந்தால், அவர் பெயர் சாட்சிப் பட்டியலில் வராது. ஜெப விண்ணப்பப் பட்டியலில் வரும். சீக்கிரம் ஊருக்கே மாற்றல் கிடைக்க ஜெபிப்போம் என்பார்கள். அது கிடைத்த பிறகுதான் அவருக்குச் சாட்சி சொல்ல இடம். நடுவில் அவர் செய்த அந்த ஒரு காரியம், அதாவது நீட்டிய கவரைத் திருப்பிக் கொடுத்தது, எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்போம். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" வந்தால் வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜில் ஒட்டுவோம். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்ற அட்டை யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. அச்சடிக்கிறவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறதே. இத்தனைக்கும் அதே வசனம்தான் "ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" என்று முடிகிறது. இயேசு இதைச் சொன்னது எப்போது என்று பாருங்கள். கடைசி இராப்போஜனம் முடிந்த ராத்திரி. யூதாஸ் ஏற்கெனவே எழுந்து வெளியே போய்விட்டான். இன்னும் சில மணி நேரத்தில் பிடித்துக் கட்டப்போகிறார்கள், கூட இருக்கிறவர்கள் ஓடப்போகிறார்கள். அந்த நேரத்தில் "ஜெயித்தேன்" என்கிறார். ஜெயிப்பேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இந்த வசனத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நெய்யூர் ஞாபகம் வரும். அங்கே வந்து சேர்ந்த ஒரு மனிதர்தான் காரணம்.

நெய்யூர் எங்களுக்குப் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம், இரணியல் பக்கம். அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரி 1838-இல் தொடங்கியது. லண்டன் மிஷனரி சங்கம் தொடங்கியது, பிறகு தென்னிந்தியத் திருச்சபைக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் "சாமர்வெல் டாக்டர்" என்று சொல்லும் தொனியிலேயே ஒரு மரியாதை இருக்கும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் காரக்கோணத்தில் இருக்கிற மருத்துவக் கல்லூரிக்கும் அவர் பெயர்தான். ஆனால் அவர் எவரெஸ்ட் ஏறப்போன ஆள் என்பது எங்கள் ஊரிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் பிறந்தவர். குடும்பத்துக்குச் சொந்தமாகச் செருப்புக் கம்பெனி இருந்தது, அதில் உட்கார்ந்திருந்தாலே வாழ்க்கை ஓடியிருக்கும். அவர் சர்ஜன் ஆனார். முதல் உலகப்போரில் சோம் யுத்தத்தின்போது முகாமில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கூடாரத்துக்கு வெளியே வயல்வெளி முழுக்கப் படுத்துக்கிடந்தவர்களில் யாரை மேஜைக்கு எடுப்பது, யாரை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய வேலை. போரின்மேல் அவருக்கு ஆயுளுக்கும் வெறுப்பு வந்தது அங்கேதான். ஓவியம் வரைவார், இசை தெரியும், மலை ஏறுவார். 1922-இல் எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பயணத்தில் மே 21 அன்று மல்லோரி, நார்ட்டன், சாமர்வெல் மூவரும் ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 27,000 அடி தொட்டார்கள். அதுவரை எந்த மலையிலும் யாரும் ஏறியிராத உயரம். பிறகு ஜூன் 7 அன்று இன்னொரு முயற்சியின்போது பனிச்சரிவு வந்தது. ஏழு சுமைதூக்கிகள் செத்துப்போனார்கள். சாமர்வெல்லும் மல்லோரியும் தப்பினார்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கூலிக்கு வந்தவர்கள் மட்டும் செத்தார்கள் என்பது சாமர்வெல்லின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருந்தால், தாங்களும் அந்த இழப்பில் பங்கெடுத்தோம் என்று மிச்சமிருந்த ஷெர்பாக்களுக்குக் காட்டியிருக்கலாமே என்று பிற்பாடு எழுதினார்.

குழு கலைந்த பின் கையில் கொஞ்சம் பணம் மிச்சம் இருந்ததால் இந்தியாவைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பினார். வடக்கிலிருந்து இறங்கி இறங்கி கன்னியாகுமரி வரை வந்தவர், நெய்யூரில் நண்பரைப் பார்க்கப் போனார். டாக்டர் பியூ என்ற அந்த நண்பர்தான் அப்போது ஆஸ்பத்திரியின் ஒரே ஐரோப்பிய சர்ஜன். வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது, அவர் ஓய்ந்துபோயிருக்கிறார். பார்க்க வந்தவர் கத்தியைக் கையில் எடுத்துச் சில நாள் உதவி செய்தார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை காத்திருந்தது. திரும்பிப்போய் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நெய்யூருக்கு வந்துவிட்டார்.

இதோடு கதையை முடித்தால் அழகான பிரசங்கக் குறிப்பு கிடைக்கும். ஆனால் 1924-இல் அவர் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். எனக்கு இந்த மனிதரைப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலையை விட்டுவிட்டேன், அது மாயை என்று அவர் சாமியார் பேச்சுப் பேசவில்லை. நெய்யூரில் வேலை பார்த்துக்கொண்டே, கூப்பிட்டபோது போனார்.

அந்த மே மாதம் நடந்த ஒரு காரியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடக்குக் கணவாய் முகாமில், சுமார் 23,000 அடியில், நான்கு சுமைதூக்கிகள் மாட்டிக்கொண்டார்கள். புதுப்பனி விழுந்து வழி ஆபத்தாகிவிட்டது, இறங்கப் பயம். கீழே இருந்தவர்களுக்கும் உடம்பு சரியில்லை. சாமர்வெல்லுக்கு இருமல், தொண்டைப் புண். அப்படியிருந்தும் நார்ட்டன், மல்லோரி, சாமர்வெல் மூவரும் ஏறினார்கள். கடைசிச் சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டும், கீழே பனிப் பள்ளம். சாமர்வெல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முன்னே போனார். மற்ற இருவரும் கயிற்றை விட்டுக்கொண்டே வந்தார்கள். அந்த நால்வரை எட்டச் சில கஜம் இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது. அவர்களையே நடந்து வரச் சொன்னார்கள். முதல் இருவர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அடுத்த இருவரும் அவசரப்பட்டுச் சேர்ந்தே கிளம்ப, காலடியில் பனி சரிந்து இருவரும் வழுக்கிக்கொண்டே போய், விளிம்புக்கு முன்னால் எப்படியோ நின்றார்கள். அசைந்தால் போச்சு. சாமர்வெல் பனிக்கோடரியை ஆழக் குத்தி நிறுத்தி, தன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து, அதைக் கோடரியில் சுற்றி, நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எட்டி இறங்கினார். இன்னொரு கையால் ஒருவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பிறகு மற்றவரை.

நால்வரும் உயிரோடு இறங்கினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அதே கணவாய்க்குக் கீழேதான் அந்த ஏழு பேர் செத்திருந்தார்கள்.

அந்த மீட்புக்குச் செலவான பலத்தை அவர்கள் உச்சிக்குப் போகையில் திருப்பி எடுக்க முடியவில்லை. ஜூன் 4 அன்று நார்ட்டனும் சாமர்வெல்லும் ஏறினார்கள். 28,000 அடியை நெருங்கும்போது சாமர்வெல்லுக்குத் தொண்டை முழுக்க அடைத்துக்கொண்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியாகப் போய் 28,126 அடியில் திரும்பினார். உச்சிக்கு இன்னும் ஆயிரம் அடிக்கும் குறைவு. இறங்கும் வழியில் சாமர்வெல்லுக்கு மூச்சே நின்றுபோனது. நார்ட்டன் முன்னால் போய்க்கொண்டிருந்தார், கூப்பிடக் குரல் இல்லை. பனியில் உட்கார்ந்து சாகக் காத்திருந்தவர், கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை ஒரு அமுக்கு அமுக்க, தொண்டையின் உள்தோல் உரிந்து அடைத்திருந்தது ரத்தத்தோடு வெளியே வந்தது. மூச்சு வந்தது. நான்கு நாள் கழித்து மல்லோரியும் இர்வினும் போய்த் திரும்பி வரவில்லை. அவர்கள் கொண்டுபோனது சாமர்வெல் இரவலாகக் கொடுத்த கேமரா என்பார்கள். மல்லோரியின் உடல் 1999-இல் கிடைத்தது. கேமரா இன்னும் கிடைக்கவில்லை.

1922 குழுவுக்கு ஒலிம்பிக் பதக்கம்கூடக் கொடுத்தார்கள், 1924-இல் பிரான்சில் நடந்த குளிர்கால விளையாட்டின்போது. நம் மாவட்டத்தில் ஒரு ஒலிம்பிக் பதக்கக்காரர் வெற்றிலைக் கறை வாய்களுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எவ்வளவு பேருக்குத் தெரியும்! எங்கள் பக்கத்தில் அப்போது வாய்ப்புற்றும் குடல்புண்ணும் ரொம்ப அதிகம். குடல்புண் அறுவை சிகிச்சையில் அவர் கை பேர்போனது. ஏழைகள் சாப்பிட்ட சாப்பாட்டுக்கும், மரவள்ளிக்கிழங்கும் மிளகாயும்தான் அதில் பிரதானம், அந்தப் புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து எழுதினார். நெய்யூரில் இருபது வருஷத்துக்கும் மேல். அப்புறம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1961-இல் இங்கிலாந்து திரும்பி, 1975-இல் இறந்தார்.

சரி, இவர் வெற்றி பெற்றவரா?

"எவரெஸ்டை விட்டார், கர்த்தர் அதைவிடப் பெரிய உச்சியைக் கொடுத்தார்." இப்படித்தான் மேடையில் சொல்லுவோம், நான் கேட்டும் இருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதில் ஒரு வியாபாரம் ஒளிந்திருக்கிறது. கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தது, ஆகவே கொடுத்தது லாபம் என்ற கணக்கு. ஏலத்தில் தேங்காய் எடுத்தவர், "போன வருஷம் ஐயாயிரம் கொடுத்தேன், இந்த வருஷம் பிசினஸ் இரட்டித்தது" என்பதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. காசுக்குப் பதிலாகப் புகழையும் குணமான நோயாளிகளின் எண்ணிக்கையையும் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். சாமர்வெல் பெயரில் கல்லூரி இருக்கிறது. அதனால் அவருடைய தியாகம் "வாய்த்தது" என்று நமக்குச் சொல்ல முடிகிறது.

அதே நெய்யூரில் அவருக்கு எழுபது வருஷத்துக்கு முன் இன்னொரு டாக்டர் இருந்தார். லீட்ச் என்று பெயர். ஸ்தாபித்த டாக்டர் போன பிறகு பத்து வருஷம்போல மூடிக்கிடந்த வைத்தியப் பணியைத் திரும்பத் தொடங்க வந்தவர். வந்து அதிக காலம் ஆகவில்லை. 1854-இல் கடலில் குளிக்கப் போனவர் மூழ்கி இறந்துவிட்டார். அடுத்து டாக்டர் லோ வந்து சேர 1861 ஆகிவிட்டது. லீட்ச் பெயரில் கல்லூரி இல்லை. விசிறிகூட இல்லை என்று நினைக்கிறேன். படித்து, கப்பலேறி, பாஷை கற்க ஆரம்பித்து, நோயாளிகள் வரத் தொடங்குகிற நேரத்தில் ஒரு அலை. இவருடைய வாழ்க்கையை எந்தச் சாட்சிப் பட்டியலில் வைப்பது?

பைபிளில் எபிரெயர் பதினோராம் அதிகாரத்தை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். விசுவாசத்தினாலே ராஜ்யங்களை ஜெயித்தார்கள், சிங்கங்களின் வாய்களை அடைத்தார்கள், "பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்" (பட்டயம் என்றால் வாள்) என்பதுவரை கன்வென்ஷன் மேடையில் முழங்கும். மூன்று வசனம் தள்ளி, அதே மூச்சில், "பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள்" என்று வருகிறது. "வேறுசிலர்" என்ற ஒரு சொல்லோடு எழுதியவர் அந்தப் பக்கம் போய்விடுகிறார். முதல் கூட்டத்துக்கு விசுவாசம் ஜாஸ்தி, இரண்டாவது கூட்டத்துக்குக் கம்மி என்று ஒரு எழுத்து இல்லை. ஒருவர் தலை தப்பியது, ஒருவர் தலை போனது. இருவருக்கும் ஒரே நற்சாட்சி. வேறு எந்தப் பந்தயத்திலும் இப்படி நடக்காது.

யோசேப்பையும் பாருங்கள். அவரை அரமனை அதிபதியாக ஆனபிறகுதான் நமக்குப் பிடிக்கும். ஞாயிறு பள்ளி நாடகத்தில் அந்தப் பட்டு உடுப்புக்குத்தான் போட்டி. ஆதியாகமம் 39-இல் "கர்த்தர் யோசேப்போடே இருந்தார், அவன் காரியசித்தியுள்ளவனானான்" என்று எழுதியிருக்கும்போது அவர் யார்? அண்ணன்மாரால் விற்கப்பட்டு, போத்திபார் வீட்டில் கிடக்கிற அடிமை. அதிகாரம் முடியும்போது இன்னும் மோசம், பொய்க் குற்றச்சாட்டில் ஜெயில். அங்கேயும் அவர் செய்ததைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணினார் என்றே முடிகிறது. அரமனைக்கு இன்னும் இரண்டு அதிகாரம் இருக்கிறது. ஒருவேளை யோசேப்பு ஜெயிலிலேயே செத்திருந்தால்? அந்த வசனங்கள் பொய்யாகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கர்த்தர் கூட இருந்தார் என்பதுதான் அங்கே காரியசித்தி. பார்வோனின் மோதிரம் பின்னால் வந்தது, வராமலும் இருந்திருக்கலாம்.

என் அத்தை ஒருவர் பைபிள் உமனாக இருந்தவர். அப்பாவின் மூத்த அக்கா. வெள்ளைச் சேலை, ஒரு குடை, ஒரு துணிப்பை. கிராமம் கிராமமாக வீட்டுப் பெண்களைப் பார்க்கப் போவார். வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார், பிரசவ வீட்டில் உட்கார்ந்திருப்பார், குடிகாரப் புருஷனிடம் சண்டையும் போடுவார். சம்பளம் சொன்னால் சிரிப்பீர்கள். ஓய்வு பெற்றபின் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அத்தை, இத்தனை வருஷம் நடந்தீங்களே, உங்களால எத்தன பேரு சபைக்கு வந்தாங்க?"

"நான் எண்ணல்ல மக்களே."

"ஒரு உத்தேசமா?"

"எண்ணுகதுக்கு என்னைய அனுப்பல்ல. போகச் சொன்னாவ, போனேன்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வீட்டுல மட்டும் நாயி கடிச்சிட்டு. அதுக்கப்பறம் அங்க போவல்ல" என்று சிரித்தார்.

நாய் கடித்ததைச் சொன்னாரே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. தன்னைப் பரிசுத்தவாட்டியாகக் காட்டிக்கொள்ளவும் அவருக்கு அக்கறை இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்கிறார். நடுகிறவனுக்கு விளைச்சல் கணக்கு எழுதுகிற வேலை இல்லை. இதைப் பிரசங்கம் கேட்டு ஒத்துக்கொள்வது சுலபம். ஒரு வேலையை முடித்துவிட்டு, என்ன பலன் என்று திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்பது போஸ்ட் போட்டுவிட்டு லைக் எண்ணுகிற எனக்கும் உங்களுக்கும் தெரியும்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம். "அப்போ உழைக்க வேண்டாமா? பிள்ளைகள் முதல் மார்க் வாங்க வேண்டாமா? தோற்றவன் எல்லாம் நான் உண்மையாயிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமே?" ஆமாம், சொல்லிக்கொள்கிறோம். சபைக் காரியங்களில் திட்டமிடாமல், கணக்கு எழுதாமல், கடைசி நேரத்தில் ஓடிச் சொதப்பிவிட்டு "கர்த்தருக்குச் சித்தமில்லை" என்று கையை விரிப்பது நமக்குக் கைவந்த கலை. பழியைத் தூக்கி ஆண்டவர்மேல் போட்டுவிட்டு அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, உட்கார்ந்துவிடலாம். சாமர்வெல் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கத்தி பிடித்தால் சுத்தமாகப் பிடித்தார். குடல்புண்ணுக்கு அவர் மேஜையில் படுத்தவனுக்கு டாக்டரின் விசுவாசம் மட்டும் போதாது, கை நடுங்காமலும் இருக்க வேண்டும். பணக்காரராக இருப்பதும் பாவம் இல்லை. இயேசுவின் உடலை வைக்கக் கல்லறை கொடுத்தவரே பணக்காரர்தான். ஏழ்மையையும் தோல்வியையும் பக்தி ஆக்கிவிட்டால் அதுவும் ஒரு பெருமையாகத்தான் போய் முடியும்.

தாலந்து உவமையில் எனக்கு வெகுநாள் கண்ணில் படாத ஒன்று உண்டு. எஜமான் புறப்பட்டுப் போகும்போது ஊழியக்காரர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஐந்து தாலந்து வாங்கினவன் இன்னும் ஐந்து சம்பாதித்து வருகிறான். இரண்டு வாங்கினவன் இரண்டு. எஜமான் முதலாமவனிடம் சொல்கிறார்: "நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே, கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய், அநேகத்தின்மேல் உன்னை அதிகாரியாக வைப்பேன், உன் எஜமானுடைய சந்தோஷத்திற்குள் பிரவேசி." இரண்டாமவனிடமும் அதே வாக்கியம். பத்துக்கும் நாலுக்கும் ஒரே பாராட்டு. நம்ம ஊர் ஏலக்காரர் அந்த மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தால் இப்படி நடந்திருக்குமா? இன்னொன்று, ஐந்து தாலந்து என்பது அந்தக் காலத்தில் ஒரு கூலியாள் ஆயுள் முழுக்க உழைத்தாலும் சேர்க்க முடியாத பணம். அதையும் எஜமான் "கொஞ்சம்" என்கிறார்! மண்ணில் புதைத்தவனிடம் மட்டும் கோபம். அவனும் தோற்றதற்காகத் திட்டு வாங்கவில்லை. அவன் வியாபாரமே செய்யவில்லையே, தோற்க! எஜமான் கடினமானவர் என்று பயந்து உட்கார்ந்துவிட்டான்.

கணக்குக் கேட்கிறவர் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஊர் கேட்டால், சொந்தக்காரர் கேட்டால், பத்தையும் நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். மேட்ரிமோனி விளம்பரத்தில் "உண்மையுள்ளவன்" என்று போட்டு யாருக்கும் பெண் கிடைத்ததில்லை. ஆனால் அந்த எஜமானுக்கு, ஒவ்வொருவன் கையிலும் எவ்வளவு கொடுத்தேன் என்பது தெரியும். கடலில் மூழ்கிய அந்த நெய்யூர் டாக்டருக்குக் கொடுத்திருந்த நாட்கள் கொஞ்சம். சாமர்வெல்லுக்கு நிறைய. தொண்டை அடைத்து 28,000 அடியில் உட்கார்ந்த சாமர்வெல்லும், விளிம்பில் கிடந்தவனைக் காலரைப் பிடித்து இழுத்த சாமர்வெல்லும் ஒரே ஆள்தான். உலகம் முதல் காரியத்தை உயரத்தில் எழுதி வைத்திருக்கிறது. இரண்டாவதில் காலர் பிடிபட்டவனுடைய பெயரை நான் படித்த இடங்களில் எங்கும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் இயேசு சொன்ன நியாயத்தீர்ப்பில், மிகவும் சிறியவரான இவர்களில் ஒருவனுக்கு என்ன செய்தாய் என்பதுதான் கேள்வித்தாள். அதில் உயரம் பற்றிய கேள்வியே இல்லை.

இதையெல்லாம் சபையில் நடைமுறைக்குக் கொண்டுவருவது லேசில்லை. எங்கள் சபையில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் முதல் மூன்று மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை ஆல்டருக்கு முன்னால் கூப்பிட்டு ஷீல்டு கொடுப்பது வழக்கம். அதற்கான கமிட்டிக் கூட்டத்தில், தாலந்து உவமை புதுசாக மண்டையில் இருந்த தைரியத்தில், "பரீட்சை எழுதின எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடலாமே, அப்பா இல்லாமல் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதின பையன் ஒருத்தன் இருக்கிறானே" என்று சொன்னேன்.

செயலர் அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் ஷீல்டா? பட்ஜெட் எவ்வளவு ஆகும் தெரியுமா தம்பி?"

"ஷீல்டு வேண்டாம் அண்ணே, பெயரை மட்டும் கூப்பிடுவோம்."

"சரி, பெயில் ஆனவனை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று மூலையிலிருந்து ஒரு பிரதிநிதி கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் போதகர் ஐயா, "பெயரைச் சொல்லித்தான் கூப்பிடணும்" என்றார்.

அரைமணி நேரம் பேசினோம். கடைசியில் முதல் மூன்று பேருக்கு வழக்கம்போல ஷீல்டு, எழுதின எல்லாருக்கும் ஒரு பேனா என்று தீர்மானம் எழுதினார்கள். பேனாவுக்கான பணத்தைத் தான் தருவதாக ஒருவர் உடனே சொன்னார். அட்டைப்பெட்டியில் அப்பா பெயரைப் போட முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டோம்.